விரதக்காரருக்கு வந்த காய்ச்சல்

என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தபோது முதலில் சிரித்தவர் அவர்தான். இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் கடகடவென்று ஆட, பல் கிட்டிக்கொண்டே, "வந்துட்டான்யா என் பழைய கூட்டாளி. டிக்கெட் எடுக்காமலே என் கூடப் பிளேன்ல ஏறிட்டான்" என்றார். "சிரிக்கிற நேரமா இது?" என்று நான் கத்தினேன். கத்துவது என் சுபாவம். சந்தோஷம் வந்தாலும் கத்துவேன், பயம் வந்தாலும் கத்துவேன். அன்றைக்குக் கத்தியது பயத்தில்.

இதை எழுதச் சொன்னவள் என் மகள் தர்ஷினி. கோலாலம்பூர் பக்கம் ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். "பாக்குறவங்ககிட்டலாம் சொல்லிச் சொல்லி அழுவுறதுக்கு ஒரு தடவை எழுதிடுங்கம்மா. நாலு பேரு படிச்சா நாலு பேரு தப்பிப்பாங்க" என்றாள். நான் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவள். கரண்டி பிடித்த கைக்குப் பேனா வழுக்குகிறது. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவர் பெயர் குணசேகரன். புக்கிட் ரோத்தான் பக்கத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில், புல்லுக்கு மருந்தடிக்கும் கும்பலுக்கு மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். பழைய லயத்து வீடுகளை இடித்துவிட்டு எங்களுக்குக் கட்டிக்கொடுத்த தரை வீடுகளில்தான் இன்னும் இருக்கிறோம். தோட்டத்தில் வெளிநாட்டு ஆட்கள் வந்த பிறகு அவருக்கு வேலை சுருங்கியது. பாப்புவா நியூ கினியில் ஒரு தீவில் புதிதாகச் செம்பனை நடுகிறார்கள், அனுபவமுள்ள மண்டோர் வேண்டும் என்று கேட்டார்கள். போனார். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார்.

நமக்கு இங்கே சளி பிடிப்பதுபோல அங்கே மலேரியா பிடிக்கும். கேம்ப் கிளினிக்கில் மூன்று நாளைக்கு மாத்திரை கொடுப்பார்களாம். இரண்டாவது நாளே காய்ச்சல் விட்டுவிடும். மிச்ச மாத்திரையை யாரும் விழுங்குவதில்லை, எடுத்து வைப்பார்கள். தீவுக்குப் படகு வராமல் மருந்து தீர்ந்துபோகும் நாட்கள் உண்டு. அப்போது யாராவது நடுங்கிக்கொண்டு கிடந்தால், வைத்திருப்பவர் கொடுப்பார். இவரும் கொடுத்திருக்கிறார், வாங்கியும் தின்றிருக்கிறார். ஒருவருக்கொருவர் ஒத்தாசை என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

கடைசியாக அங்கே வந்த காய்ச்சல் அவரைப் படுக்கையோடு படுக்கையாகப் போட்டுவிட்டது. மருந்தும் அரைகுறை. அப்போதுதான் எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாராம், "ஆத்தா, என்னை உசுரோட ஊரு சேத்துடு, பால்குடம் எடுக்கறேன்" என்று. ஊர் வந்து சேர்ந்துவிட்டார். திருவிழாவுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. வந்த மறுநாளே மஞ்சள் துணி கட்டிக்கொண்டு விரதத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மற்றவர்கள் விரதம் என்றால் கறி மீன் விடுவார்கள், பால் பழம் சாப்பிடுவார்கள். இவர் விஷயம் வேறு. "விட்டா முழுசா விடணும்லா" என்பார். எண்ணெய் இல்லை, நெய் இல்லை, தேங்காய் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே பால் இல்லை. "அவளுக்கு ஊத்தப் போற பாலு. அவ குடிக்கறதுக்கு முன்னாடி நான் வாயி வெக்கலாமா?" என்று கேட்டார். கோப்பிகூடக் கறுப்புக் கோப்பிதான். கேண்டீனில் நெத்திலி சம்பல் கிண்டிவிட்டு வருகிற என் கையால் விரதச் சாப்பாடு சமைக்க முடியாது. அதனால் தர்ஷினி லீவு போட்டு வீட்டுக்கு வந்து, தனிச் சட்டி, தனி அடுப்பு வைத்து அப்பாவுக்குச் சமைத்தாள். அவித்த காய், வெறும் சோறு, மிளகு ரசம், தாளிப்பே கிடையாது. அப்பன் மகள் பாசத்தைப் பார்த்து நானே பொறாமைப்பட்டிருக்கிறேன்.

விரதம் தொடங்கி ஒரு வாரத்தில்தான் அந்த நடுக்கம் வந்தது.

பட்டணத்துக் கிளினிக்கில் டெங்கி என்றார்கள். எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றாலே டெங்கி, இல்லாவிட்டால் எலி மூத்திரக் காய்ச்சல். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கக் யா பப்பாளி இலையை இடித்துச் சாறு எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். இவரோ, "டாக்டர், இது மலேரியா. எனக்கும் இதுக்கும் மூணு வருஷப் பழக்கம்" என்றார். அந்தச் சின்ன டாக்டர், "மலேரியாலாம் இப்ப இங்க இல்ல அங்கிள்" என்று சிரித்தார். ஆனாலும் நல்ல பையன். எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டவுடன் சிரிப்பை நிறுத்திவிட்டு, அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார்கள். அதைச் சாயம் போட்டு பூதக்கண்ணாடியில் பார்ப்பார்களாம். ரத்தத்தின் சிவப்பு அணுவுக்குள் புகுந்துகொண்டு, தின்று, பெருகி, அணுவை வெடிக்கவைத்து வெளியே வருகிற கிருமி அது. வெடிக்கிற நேரத்தில்தான் அந்த நடுக்கமும் காய்ச்சலும். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு மிஸ்ஸி, அதான் நர்ஸ், வந்து, "வீட்டுப் பக்கம் குரங்கு இருக்கா?" என்று கேட்டார். என் அடுப்படிக்கே வந்து வாழைப்பழம் எடுத்துக்கொண்டு போகிற குரங்குகள் உண்டு. "இருக்கு, ஆனா கடிக்கலையே!" என்று நான் பதறினேன். இப்போதெல்லாம் நம் நாட்டில் காட்டு ஓரத்தில் கிடைக்கிற மலேரியா குரங்கிடமிருந்து கொசு வழியாக வருகிறதாம். மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு கொண்டுபோகிற மலேரியாவைப் பல வருஷம் பாடுபட்டு நிறுத்திவிட்டார்களாம்.

இவருக்கு இருந்தது அந்தப் பழைய சாதி, அதிலும் ஆளைக் கொல்கிற வகை. டாக்டர் ஷாலினி என்று ஒரு நிபுணர், தமிழ்ப் பெண், எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அங்கே என்னென்ன மாத்திரை, எத்தனை நாள் எடுத்தார் என்று கேட்டார். இவர் ஒளிவு மறைவில்லாமல் பாதிப் பாதியாகத் தின்ற கதையைச் சொன்னார்.

டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். "அங்கிள், பாதி மருந்து போட்டா வீக்கான கிருமிதான் சாகும். தாக்குப்பிடிக்கிறது மிச்சமிருந்து குட்டி போடும். அப்புறம் அந்தக் குட்டிங்களுக்கு மருந்தே கேக்காது. பர்மா, கம்போடியா பக்கம் அப்படி ஆகிட்டு இருக்கு. இப்ப நீங்க இருந்த பக்கமும் சொல்றாங்க."

"நம்ம புல்லு மாதிரிதானே டாக்டர்?" என்றார் இவர். "மருந்துல தண்ணிய ஜாஸ்தி கலந்து அடிச்சா பாதிப் புல்லுதான் கருகும். மீதி பொழைச்சு வெதை போடும். ரெண்டு வருஷம் கழிச்சு அதே மருந்தக் குடம் குடமா ஊத்தினாலும் அசையாது. அதுக்காகவே ஆளுங்கள நான் ஏசுவேன்."

"அதேதான். ஊர்ப் புல்லுக்கு அவ்வளவு பார்த்தீங்க, உங்க உடம்புக்குப் பார்க்கலையே" என்று டாக்டர் சிரித்தார். இவரும் சிரித்தார். நான்தான் சிரிக்கவில்லை. மருந்து கேட்காத கிருமி என்றால் என்ன ஆகும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை கொடுத்தார்கள், மூன்று நாளுக்கு. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து. ஒன்று வேகமாக அடித்துவிட்டுப் போய்விடும். இன்னொன்று ரத்தத்தில் பல நாள் தங்கி, ஒளிந்திருக்கிற மிச்சத்தைத் துடைக்கும். கொசு வழியாக மற்றவருக்குப் போகாமல் இருக்கத் தனியாக இன்னொரு மாத்திரை. ஒவ்வொரு வேளையும் மிஸ்ஸி மாத்திரையோடு ஒரு சின்னப் பெட்டிப் பாலையும் வைத்துவிட்டு, "மினும் சூசு, யா" — பால் குடிங்க — என்று சொல்லிவிட்டு, அவர் மாத்திரையை விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போவார்.

மாத்திரையை விழுங்குவார். பால் பெட்டி மட்டும் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விடும். அங்கே ஒரு சீன அங்கிள், காலில் கட்டோடு படுத்திருந்தார். பாலை உறிஞ்சிவிட்டுக் காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பார், கூடவே ஒரு ஆரஞ்சுப் பழம். மிஸ்ஸி வந்து பார்த்தால் காலிப் பெட்டி இவர் மேசையில் இருக்கும். "சுடா, சுடா" — ஆச்சு, ஆச்சு — என்று இவர் தலையாட்டுவார்.

"மூணு நாளைக்கு ஒரு வாய் பால் குடிச்சா ஆத்தா கோச்சுக்குவாளா? உடம்புல தெம்பு வேண்டாமா?" என்று நான் கத்திப் பார்த்தேன்.

"தெம்பு சோத்துல வரும் புள்ள. வாக்குக் குடுத்தா குடுத்ததுதான். அவ என்னக் கொண்டாந்து சேத்தாளா இல்லையா?"

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் கொடுக்கிற பால், தெம்புக்குக் கொடுக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அந்த மிஸ்ஸியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னார், பார்த்தார், காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானமானால் தர்ஷினி பஸ் பிடித்து அடுக்குச்சட்டியில் விரதச் சோறு கொண்டுவருவாள். "ஒரு சொட்டு எண்ணெய் இல்லப்பா, சாமி சத்தியமா" என்று சொல்லித்தான் திறப்பாள். அவர் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டுச் சாப்பிடுவார். வார்டில் இருந்தவர்களெல்லாம் பார்த்துக் கண் வைத்திருப்பார்கள், அப்படி ஒரு மகள்.

காய்ச்சல் விட்டது. ரத்தத்தில் கிருமி இல்லை என்று கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில்லும் பயமுறுத்தவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நான் வாசலில் தேங்காய் உடைத்தேன்.

நாங்கள் வீடு வருவதற்குள் சுகாதார இலாகாக்காரர்கள் வந்துவிட்டார்கள். ரொஸ்லி என்று ஒரு மலாய்க்காரர் தலைமை. அவருக்கும் எங்கள் வயதுதான் இருக்கும், தோட்டத்துத் தமிழ் நன்றாகவே பேசுவார். எங்கள் வரிசையில் எல்லா வீட்டுச் சுவரிலும் மருந்தடித்தார்கள். கால்வாயில் புழு பார்த்தார்கள். குழந்தை குட்டியிலிருந்து வங்காளதேச ஆட்கள்வரை எல்லாரையும் சமூக மண்டபத்தில் வரிசையில் நிற்கவைத்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். "குணா சீக்கு வாங்கிட்டு வந்தான், நாம குத்து வாங்குறோம்" என்று ஒருவர் முணுமுணுத்தார். நான் விடுவேனா? "உங்க வீட்டுக் கல்யாணத்துல அவரு பந்தி போட்டப்ப இனிச்சிச்சா?" என்று கேட்டேன். போய் விரலை நீட்டினார்.

ரொஸ்லி அண்ணன் பொறுமையாக விளக்கினார். "இங்க அந்தக் கொசு இன்னும் இருக்கு அக்கா. கிருமிதான் இல்ல. வெளியிலிருந்து ஒருத்தர் உடம்புல வந்தா, கொசு எடுத்துக் குடுத்துடும். அதுவும் மருந்து கேக்காத கிருமியா இருந்தா, இத்தனை வருஷம் நாங்க செஞ்ச வேலை போச்சு." அவர் வாராவாரம் வந்து இவர் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். ஒரு தடவை, இரண்டு தடவை, இல்லை என்றே வந்தது. அடுத்த தடவை அவர் வந்தபோது இவர் கோயிலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்குப் பாத்துக்கலாம்லா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் முகம் வாடியது. தலைவலி என்றார். தொட்டுப் பார்த்தேன், சுட்டது. "விரதச் சூடு" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் தெருவே கேட்கக் கத்தினேன். "போனா படுக்க வெச்சுடுவாங்க. பால்குடம் யாரு எடுப்பா? முடிச்சிட்டு நானே வரேன். இது என்ன ஏதுன்னு எனக்குத் தெரியாதா? நான்தான் மருந்து முழுசாச் சாப்பிட்டேனே, அரை மாத்திர மிச்சம் வெச்சேனா?" என்றார். அது உண்மைதானே. இந்தத் தடவை அவர் ஒரு மாத்திரையைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. நானும் பனடோல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு இருந்துவிட்டேன்.

பால்குடம் எடுத்தார். ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை, வெயிலில், வெறுங்காலோடு. நானும் தர்ஷினியும் இரண்டு பக்கமும் நடந்தோம். முகம் மஞ்சளாக இருந்தது, மஞ்சள் பூசியது என்று நினைத்தேன். அம்மன் தலையில் பால் வழிந்தபோது கும்பிட்ட கையைக் கீழே இறக்காமல் நின்று அழுதார். பூசாரி அபிஷேகப் பாலை அவர் கையில் ஊற்றினார். குடித்தார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவர் வாயில் பட்ட பால் அதுதான். கோயில் வாசலைத் தாண்டும்போது உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்தார். அருள் வந்துவிட்டது என்று யாரோ வேப்பிலையால் முகத்தில் அடித்தார்கள். "அருள் இல்லடா, ஆளு போறாருடா, காடிய எடுங்கடா!" என்று நான் கத்தினேன். யாரோ ஓடிப்போய்க் காரைக் கொண்டுவந்தார்கள்.

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். கிருமி அடைத்த ரத்த அணுக்கள் மூளைக்குப் போகிற சின்னச் சின்னக் குழாய்களில் ஒட்டிக்கொண்டு அடைத்துக்கொள்ளும், அதனால் நினைவு தப்புகிறது என்றார் டாக்டர் ஷாலினி. சிறுநீர் கோப்பி நிறத்தில் போனது. சிறுநீரகம் நின்றுவிட்டது, இயந்திரம் வைத்தார்கள். இப்போது மாத்திரை இல்லை, ஊசி மருந்து, நரம்பு வழியாக. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துக் கிருமியை எண்ணினார்கள். எண்ணிக்கை இறங்க வேண்டிய வேகத்தில் இறங்கவில்லை. டாக்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோலாலம்பூருக்கு ரத்தம் அனுப்பினார்கள், முன்பு எடுத்து வைத்திருந்ததையும் சேர்த்து.

ஒருவர் மாற்றி ஒருவர்தான் உள்ளே போகலாம். நான் போனபோது கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. "தண்ணிய ஜாஸ்தி ஊத்தாதடா... அளவு பாத்து ஊத்துடா" என்று முனகினார். யாரோ மருந்தடிக்கிற ஆளை ஏசிக்கொண்டிருந்தார். "ஊத்தலைங்க, அளவாத்தான் ஊத்துறாங்க" என்று நான் அவர் காதில் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

வெளியே நாற்காலி வரிசையில் காத்திருந்தோம். கக் யா கஞ்சி கொண்டுவந்து, நான் குடிக்கும்வரை நகரமாட்டேன் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்போது டாக்டர் ஷாலினி வந்து எங்கள் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஆண்ட்டி, போன தடவை அங்கிள் மாத்திரை சாப்பிட்டப்போ கூட என்ன சாப்பிட்டாரு? பால் குடிச்சாருல்ல?"

"பாலயும் விட்ட விரதம் டாக்டர். தொடல."

"சரி, எண்ணெய் போட்ட சாப்பாடு ஏதாச்சும்?"

"ஒரு சொட்டுகூட இல்ல டாக்டர்" என்றாள் தர்ஷினி. "நான்தான் சமைச்சேன். அப்பாவோட விரதத்த நான் கெடுக்கவே இல்ல." அதைப் பெருமையாகத்தான் சொன்னாள், பாவி மகள்.

டாக்டர் கீழே பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அந்த மாத்திரையில் தங்குகிற மருந்து இருக்கிறதே, அது கொழுப்பில்தான் கரையும். பாலோ எண்ணெயோ வயிற்றில் இருந்தால்தான் குடலிலிருந்து ரத்தத்துக்குள் போகும். இல்லாவிட்டால் முக்கால்வாசி அப்படியே வெளியே போய்விடும். அதற்காகத்தான் அந்தப் பால். "ஆனா அதுதான் காரணம்னு இப்ப சொல்ல முடியாது. மருந்து கேக்காத கிருமியாவும் இருக்கலாம். அவரு இருந்த இடம் அப்படி. ரிசல்ட் வரட்டும்" என்றார்.

தர்ஷினி எழுந்து கைகழுவப் போனாள். வெகு நேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

அவர் ஒரு காலையில் போய்விட்டார். நான் கத்தவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் அதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், வசந்தி கத்தவே இல்லை என்று.

வீட்டில் கிடத்தியிருந்தபோது கோயில் பூசாரி வந்தார். சுகாதார இலாகாவிலிருந்து கேள்விப்பட்டாரோ, ஊரில் கேள்விப்பட்டாரோ, மருந்து சாப்பிட்டும் கேட்கவில்லையாம் என்றார். பால் கதை அவருக்குத் தெரியாது. நான்தான் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். நெஞ்சில் அடித்துக்கொண்டார். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? நோயாளிக்கு ஏதும்மா விரதம்? நானே பால ஊத்திக் குடிக்க வெச்சிருப்பேனே. ஆத்தாவா குடிக்காதன்னா?" என்று அழுதார். இப்போது எங்கள் கோயிலில் காப்புக் கட்டும்போது முதலில் இதைத்தான் சொல்கிறார். உடம்புக்கு முடியாதவர்கள் டாக்டர் சொல்கிறதைச் சாப்பிடுங்கள், விரதம் அடுத்த வருஷமும் வரும் என்று.

கருமாதி முடிந்தும் கோலாலம்பூரிலிருந்து பதில் வரவில்லை. அந்த நாட்களில் நான் கும்பிட்ட கும்பிடு இருக்கிறதே, எந்தத் தாயும் அப்படிக் கும்பிட்டிருக்க மாட்டாள். அந்தக் கிருமி மருந்து கேட்காத கிருமியாக இருக்க வேண்டும் என்று வேண்டினேன். அப்படி இருந்தால் எங்கள் வரிசையில் இருக்கிற குழந்தைகளுக்கு ஆபத்து, ரொஸ்லி அண்ணன் சொன்னது எனக்கு மறக்கவில்லை. தெரிந்தேதான் வேண்டினேன். அப்படி இருந்தால் என் மகள் சமைத்த சோற்றில் குற்றமில்லை. பால் குடித்திருந்தாலும் அவர் போயிருப்பார். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. தர்ஷினி வேலைக்குத் திரும்பவில்லை. சாப்பிடுவாள், தூங்குவாள், அடுப்படிப் பக்கம் மட்டும் வரமாட்டாள்.

ஒரு நாள் டாக்டர் ஷாலினி கூப்பிட்டனுப்பினார். தர்ஷினியிடம் பேங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன்.

டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். கிருமியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்தை எதிர்க்கிற சக்தியின் அடையாளம் எதுவும் அதில் இல்லை. வளர்த்து மருந்து போட்டும் பார்த்திருக்கிறார்கள், செத்திருக்கிறது. இங்கே கொசு கடித்துப் புதிதாக வந்ததும் இல்லை, முதலில் வந்ததே மிச்சமிருந்து திரும்ப முளைத்திருக்கிறது. முதல் தடவை மாத்திரை முடிந்ததும் எடுத்து வைத்திருந்த ரத்தத்தில் தங்குகிற மருந்து இருக்க வேண்டிய அளவில் கால்வாசிகூட இல்லை. இரண்டாம் தடவை முற்றிவிட்டதால்தான் ஊசி மருந்து பிடிப்பதற்குள் உடம்பு தாங்கவில்லை.

"அப்ப அந்த மாத்திரை கேட்டிருக்கும்?" என்று கேட்டேன்.

"கேட்டிருக்கும் ஆண்ட்டி."

பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு முடிவு எடுத்தேன். உண்மை என்னோடு போகட்டும். பொய் சொல்வதில் எனக்குப் பழக்கமில்லை. அதனால் வழியெல்லாம் வாய்க்குள்ளே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன்.

"டாக்டரப் பாத்துட்டுத்தான் வரேன்டா. ரிசல்ட் வந்துடுச்சு. கிருமிதான் பொல்லாததாம். எந்த மருந்துக்கும் அடங்காததாம். பால் குடிச்சிருந்தாலும், நெய்யே குடிச்சிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதாம். யாரு மேலயும் தப்பில்லன்னு டாக்டரே சொன்னாங்க."

தர்ஷினி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரொஸ்லி அங்கிள் வந்துட்டுப் போனாரும்மா."

"எப்ப?"

"நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. நம்ம வரிசையில எல்லா வீட்டுக்கும் போனாரு. இந்தக் கிருமிக்கு நம்ம மருந்து கேக்குதாம், இனிமே யாரும் பயப்பட வேணாமாம். அவருக்குப் பால் விஷயம்லாம் தெரியாதுல்ல. என் தலையில கைய வெச்சு, நல்ல சேதிம்மா, ரொம்ப நல்ல சேதின்னு சொல்லிட்டுப் போனாரு."